காற்றைக் கேட்டுக் கிளம்புங்கள்

ஸ்பெயின் கடலோரம் – 6

பெனிதோர்ம் நகரத்தில் லெவாந்தே, போனியெந்தே என்பவை இரண்டு கடற்கரைகளின் பெயர்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஊருக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டிலும் நல்ல மணல் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு, முதுகுக்குப் பின்னால் வானுயர்ந்த கட்டடங்கள் உண்டு. எதற்குப் போனாலும் பொழுது ஒரே மாதிரிதான் கழியும். அங்கிருந்து தெற்கே இறங்கி அல்மெரியா மாகாணத்துக்கு வந்தால், இந்த இரண்டு பெயர்களும் காற்றுகளுக்கு உரியவை. லெவாந்தே கிழக்கிலிருந்து வருவது. போனியெந்தே மேற்கிலிருந்து வருவது. இன்றைக்கு எந்தக் கரையில் கால் நனைக்கலாம் என்பதை இங்கே இந்தக் காற்றுகளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இடத்தின் பெயர் காபோ தே காத்தா. ஸ்பெயினின் தெற்குக் கரையும் கிழக்குக் கரையும் சந்திக்கிற மூலை. எரிமலைகள் கக்கிய நிலம். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவை அணைந்துவிட்டன; ஆனால் கருத்தும் சிவந்தும் பழுத்த மஞ்சளாகவும் நிற்கிற குன்றுகளைப் பார்த்தால் நேற்றுத்தான் ஆறியது என்று தோன்றும். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெரும்பாலும் பெய்யாத பூமி. ஐரோப்பாக் கண்டத்தில் இவ்வளவு வறண்ட இடங்கள் மிகக் குறைவு. ஆண்டலூசிய அரசு 1987ல் இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. நிலமும் கடலுமாகச் சேர்ந்து சுமார் 50,000 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல். 1997ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இந்த 60 கிலோமீட்டர் கரையில் சின்னதும் பெரிதுமாகப் பல பத்துக் கடற்கரைகள் இருக்கின்றன. சிலவற்றுக்குக் கார் போகும். சிலவற்றுக்குக் கால்தான் போகும். விடுமுறைக்கு வருகிறவர்கள் புகைப்படத்தைப் பார்த்து ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு வீசுகிற காற்று அந்தப் படத்தில் இருப்பதில்லை.

வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். முனையில் ஒரு கலங்கரை விளக்கம். அதற்கு மேற்கே இருக்கும் கரை அல்மெரியா வளைகுடாவைப் பார்த்துக் கிடக்கிறது. அதற்கு வடகிழக்கே கார்போனேராஸ் ஊர் வரை நீளும் கரை திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறது. போனியெந்தே வீசும் நாளில் மேற்குக் கரையில் மணல் பறந்து கண்ணில் விழும், அலை குமுறும். அதே நேரத்தில் கிழக்குப் பக்கத்தில் மலைகள் காற்றைத் தடுத்துக்கொள்ளும். கடல் தகடுபோலக் கிடக்கும். லெவாந்தே வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். கிழக்குக் கரை முழுவதும் அலை வந்து அறையும், நீர் கலங்கும், பல நாள் இப்படி வீசினால் ஜெல்லிமீன்களும் கூட்டமாகக் கரைக்கு வந்து சேரும். அன்றைக்கு மேற்குப் பக்கம் போய்விட வேண்டியதுதான். ஆகையால் சான் ஹோசே கிராமத்தில் காலையில் காபிக் கடைகளில் கேட்கிற முதல் பேச்சே காற்றைப் பற்றித்தான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனியெந்தே நாளில் கிழக்குக் கரையில் காணும் அமைதியை முழுக்க நம்பிவிடாதீர்கள். அலை இல்லைதான், ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்றடைத்த மெத்தையில் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டுச் சற்றுத் திரும்பினால் மெத்தை வெகு தூரம் போயிருக்கும். நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போகும். இந்தக் கரையில் மிதவை மெத்தைகளைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

இங்கே வந்து சேரும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினதும் கடல் தெரியாது, பிளாஸ்டிக் தெரியும். நீஹார் சமவெளியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்கள். அல்மெரியா மாகாணத்தில் இவை 30,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருக்கின்றன. பனிக்காலத்தில் ஐரோப்பா தின்னும் தக்காளி, குடமிளகாய், வெள்ளரி இவற்றில் பெரும் பங்கு இந்தக் குடில்களிலிருந்து போகிறது. பறிக்கிறவர்கள் பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலர் பழைய பலகையையும் அதே பிளாஸ்டிக்கையும் வைத்துக் கட்டிய குடிசைகளில், குழாய் நீரும் மின்சாரமும் இல்லாமல் வாழ்கிறார்கள். நீஹார் பகுதியில் எல் வாலிலி என்ற அப்படியொரு குடியிருப்பை 2023 ஜனவரியில் இடித்தார்கள். இடித்ததோடு சிக்கல் தீரவில்லை. வேறு குடியிருப்புகள் இன்னும் இருக்கின்றன. கடற்கரைக்குப் போகிற கார்கள் இந்தக் குடிசைகளைக் கடந்துதான் போகின்றன. எந்தக் கரை அழகு என்று எழுதுகிற கட்டுரையில் இதற்கு இடமில்லை என்று நான் நினைக்கவில்லை.

1950களின் இறுதியில் இதே வழியில் நடந்தும் லாரியில் தொற்றிக்கொண்டும் வந்த ஹுவான் கொய்திசோலோ என்ற எழுத்தாளர், இந்தப் பகுதி மக்களின் வறுமையை ‘நீஹாரின் வயல்கள்’ என்ற பயண நூலில் பதிவு செய்தார். அது 1960ல் வெளிவந்தது. அப்போது வறுமையில் கிடந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தண்ணீர் இல்லாமல், வேலை இல்லாமல், கூட்டம் கூட்டமாகக் கத்தலோனியாவுக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் பிழைக்கப் போனவர்கள். ஸ்பெயினின் மற்றக் கரைகளில் ஹோட்டல்கள் முளைத்த காலத்தில் இங்கே சாலை சரியில்லை, அல்மெரியாவுக்கு விமான நிலையமே 1968ல்தான் வந்தது, குடிக்க நீரில்லை. அந்த இல்லாமைதான் இந்தக் கரையை முதலில் காப்பாற்றியது.

இனிக் கரைகளுக்கு வருவோம். மேற்கிலிருந்து தொடங்குகிறேன்.

சான் மிகேல் கிராமத்திலிருந்து முனையை நோக்கிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மணற்கரை. படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டிருப்பார்கள். கூட்டம் இருந்தாலும் இடநெருக்கடி தெரியாது. இதன் முதுகுப்புறம் உப்பளம். பாத்திகளில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டு நிற்கும். சாலையோரத்தில் தனியாக நிற்கும் தேவாலயம் உப்பளத் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. மேற்குக் கரைக்குப் பெரிய புகழ் இல்லை. சுற்றுலாப் புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடும். லெவாந்தே நாளில் இதற்கு இணையான இடம் வேறு இல்லை என்பேன். மாலை வெயில் உப்பளத்தின் மேல் சாயும்போது கரையில் உட்கார்ந்திருப்பதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் கடலிலிருந்து கூர்கூராக எழுந்து நிற்கும் பாறைகளுக்குக் கடற்கன்னிப் பாறைகள் என்று பெயர். மத்தியதரைக் கடலின் துறவிச் சீல்கள் ஒரு காலத்தில் இங்கே படுத்திருந்தன. அவற்றின் குரலைக் கேட்டு மாலுமிகள் கடற்கன்னிகள் என்று எண்ணிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். சீல்கள் இந்தக் கரையை விட்டு மறைந்துவிட்டன. இது குளிக்கும் இடமல்ல, பார்க்கும் இடம்.

முனையிலிருந்து கிழக்கே சான் ஹோசேவுக்குக் கரையோரமாகவே காரில் போய்விடலாம் என்று வரைபடம் ஏமாற்றும். முடியாது. வேலா பிளாங்கா குன்றின் மேல் போகும் பாதையை வாகனங்களுக்கு அடைத்திருக்கிறார்கள். நடக்கலாம், சைக்கிளில் போகலாம். காரில் போனால் உள்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் இறங்க வேண்டும். சிரமம்தான். ஆனால் அந்த ஒரு அடைப்பினால்தான் நடுவிலுள்ள சிறுகரைகள் இப்படியே இருக்கின்றன.

சான் ஹோசேவிலிருந்து ஒரு மண்பாதை தெற்கே போகிறது. இந்தப் பூங்காவின் மணிமுடிகள் எல்லாம் அந்தப் பாதையில்தான். முதலில் வருவது ஹெனோவேசெஸ் விரிகுடா. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட, பிறை வடிவ மணற்கரை. மெல்லிய மணல், வெகு தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர், பின்னால் மணல்மேடுகள், அதற்கும் பின்னால் புல்லும் கற்றாழையும் விளைந்த வெற்றுச் சமவெளி. ஒரு கட்டடம் இல்லை. 1147ல் அல்மெரியாவை முஸ்லிம் ஆட்சியிலிருந்து பறிக்க வந்த ஜெனோவா நகரத்துக் கப்பற்படை நங்கூரமிட்டுத் தங்கிய விரிகுடா இது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் இந்த இடத்தில் ஒதுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குக் காற்று இதன் உள்ளே வராது. இன்றைக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு, போனியெந்தே நாளாக இருந்தால், நான் வேறு கரையைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது மோன்சுல். ஹெனோவேசெஸ் அமைதி என்றால் மோன்சுல் கம்பீரம். கறுத்த எரிமலைப் பாறை ஒன்று அலையின் விளிம்பில் மணலிலிருந்து கவிந்து எழுந்து நிற்கிறது. அதன் நிழலைத் தவிர அந்தக் கரையில் நிழல் கிடையாது. கிழக்கே குன்றின் மேல் காற்று ஏற்றி வைத்த பெரிய மணல்மேடு. 1989ல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் குருசேட்’ படத்தில், ஷான் கானரி குடையை விரித்து ஓடிப் பறவைகளைக் கிளப்பி விமானத்தை வீழ்த்துவாரே, அந்தக் காட்சி இங்கே எடுத்ததுதான். கிழக்குக் காற்றை அருகிலுள்ள குன்றுகள் ஓரளவு தடுப்பதால், லெவாந்தே மெதுவாக வீசும் நாளில் இந்தப் பக்கத்தில் மோன்சுலை நம்பலாம். பலமாக வீசினால் நம்ப வேண்டாம்.

கோடையில் இந்த மண்பாதையில் கார்களுக்கு அளவு உண்டு. நிறுத்துமிடம் நிரம்பிவிட்டால் பாதையை மூடிவிடுவார்கள். பிறகு சான் ஹோசேவிலிருந்து ஓடும் பேருந்துதான். பேருந்தில் போவதே எல்லா வகையிலும் மேல். புழுதி குறையும், மணல்மேடுகளின் ஓரத்தில் வண்டிகள் ஏறாது, இடம் கிடைக்குமா என்ற படபடப்பும் இருக்காது.

இவ்வளவு அழகான இரண்டு கரைகள், விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடியவை, எப்படிக் கட்டடம் இல்லாமல் தப்பின? பதிலில் ஒரு பெண்மணி இருக்கிறார். பெயர் பிரான்சிஸ்கா தியாஸ் தோர்ரெஸ். ஊர் அவரைத் தோன்யா பகீத்தா என்றுதான் அழைத்தது. அவருக்கும் அவருடைய கணவர் ஹோசே கொன்சாலெஸ் மொந்தோயாவுக்கும் சான் ஹோசேவைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலம் இருந்தது. இந்த விரிகுடாக்களைச் சூழ்ந்த நிலம் அதில் அடங்கும். ஹோட்டல் கட்ட, குடியிருப்பு கட்ட என்று நிலம் கேட்டு வந்தவர்களுக்கு அந்த அம்மாள் கொடுக்கவில்லை. பூங்கா என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே கொடுக்கவில்லை. ஸ்பெயினின் கரை முழுவதும் நிலத்தை விற்றவர்கள் செல்வந்தர்களாகிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அல்மெரியா நகரில் அவர் வாழ்ந்த வீடு இன்று ஓவிய அருங்காட்சியகம். அங்கே போகிறவர்களைவிட மோன்சுலுக்குப் போகிறவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு. அவர் காலத்துக்குப் பிறகு, ஹெனோவேசெஸ் அருகே பழைய பண்ணைவீடு ஒன்றை விடுதியாக்கும் திட்டம் எழுந்தபோது ஸ்பெயின் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. சிறிய விடுதிதானே என்று திட்டத்தை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். என் மனம் எதிர்த்தவர்கள் பக்கம்தான்.

ஹெனோவேசெசுக்கும் மோன்சுலுக்கும் இடையில் பர்ரோனால் கரையும் அதையொட்டிய சிறு ஒதுக்குகளும் இருக்கின்றன. குன்றேறி இறங்கி நடந்தால்தான் போக முடியும். பலர் ஆடையின்றிக் குளிக்கும் கரை இது. ஸ்பெயினில் அதற்குச் சட்டத்தடை இல்லை. வருகிறவர்கள் தம்பாட்டுக்கு இருக்கிறார்கள். சங்கடப்படுகிறவர்கள் வேறு கரைக்குப் போகலாம், அவ்வளவே. முறைத்துப் பார்ப்பதும் புகைப்படக் கருவியைத் தூக்குவதும்தான் அங்கே அநாகரிகம்.

சான் ஹோசேவுக்கு வடக்கே வரும் கரைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லோஸ் எஸ்குல்லோசில் பாறையாக இறுகிப்போன பழங்கால மணல்மேடும் அதன் மேல் ஒரு பீரங்கிக் கோட்டையும். ஈஸ்லேத்தா தெல் மோரோ, வெள்ளை வீடுகள் கொண்ட மீனவர் கிராமம். குளிப்பதைவிட மதியம் மீன் சாப்பிடுவதற்காகப் போக வேண்டிய ஊர். ரோதல்கிலாரில் தங்கச் சுரங்கம் இருந்தது. 1956ல் சர்வாதிகாரி பிராங்கோவே வந்து புதிய ஆலையைத் திறந்துவைத்தார், 1966ல் மூடிவிட்டார்கள். மலைச்சரிவில் அந்த ஆலையின் இடிபாடுகள் படிப்படியாக இறங்கி நிற்கின்றன. அங்கிருந்து கடலுக்கு இறங்கினால் எல் பிளாயாசோ. கார் கடற்கரைவரை போகும், மணல் நன்றாக இருக்கும், ஓரத்தில் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டை. முதியவர்களை அழைத்துவந்தவர்களுக்கு ஏற்றது.

பிளாயாசோவில் நீர்க்கண்ணாடி அணிந்து மிதந்தால் கொஞ்ச தூரத்திலேயே போசிடோனியாப் படுகைகளைப் பார்க்கலாம். இது பாசி இல்லை. பூத்துக் காய்க்கும் கடற்புல். மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளராத இனம். மீன் குஞ்சுகளுக்கு இதுதான் தொட்டில். மணலைப் பிடித்துவைப்பதும் அலையின் வேகத்தைத் தணிப்பதும் இதுதான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். படகின் நங்கூரம் ஒரு முறை இழுத்துப் பிடுங்கிய இடம் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இலையுதிர் காலத்துப் புயலுக்குப் பிறகு இதன் பழுப்பு இலைகள் கரையில் மெத்தையாக ஒதுங்கிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் கரையைச் சுத்தம் செய்யவில்லை என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சருகுதான் குளிர்கால அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் காக்கிறது. அதை வாரிக்கொட்டிய கரைகள் மெலிந்து போகின்றன. கரை தேடும்போது இலைச்சருகு கிடக்கும் கரையைக் கண்டால் ஒதுக்காதீர்கள். அதன் தண்ணீர்தான் பளிங்காக இருக்கும்.

லாஸ் நேக்ராஸ் கிராமத்திலிருந்து மலையோரமாக ஒரு மணி நேரம் நடந்தால் சான் பேத்ரோ. சாலை கிடையாது. இந்த வறண்ட கரையில் நன்னீர் ஊற்று இருக்கும் அபூர்வமான இடம். அதனால்தான் அங்கே பழைய கோட்டையும் இருக்கிறது, இன்று குடில் போட்டும் கூடாரம் அடித்தும் ஆண்டு முழுவதும் வாழும் ஒரு கூட்டமும் இருக்கிறது. கோடையில் லாஸ் நேக்ராசிலிருந்து படகு விடுவார்கள். போகும்போது நடந்தும் திரும்பும்போது படகிலும் வருவது நல்ல ஏற்பாடு. லெவாந்தே பலமானால் படகு வராது. அதனால் நடந்து திரும்பவும் தெம்பும் தண்ணீரும் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் என்றதும் ஒரு பொது விதி: இந்தக் கரைகளில் பெரும்பாலானவற்றில் கடை இல்லை, மரம் இல்லை, உயிர்காப்பாளர் இல்லை. குடையும் தொப்பியும், ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீரும் கையில் இல்லாமல் எந்தக் கரைக்கும் கிளம்பக் கூடாது.

அகுவா அமார்கா பசுமைக்குடில்களுக்கும் கூட்டத்துக்கும் எட்டாத அழகான ஊர். லூகாய்னேனா மலையிலிருந்து இரும்புத்தாது 1896 முதல் 1942 வரை ரயிலில் வந்து இங்கேதான் கப்பலேறியது. அந்தத் தாதுத்துறையின் கல்லெச்சங்கள் பாறைமேல் இருக்கின்றன. ஊரிலிருந்து அரை மணி நேர நடையில் காலா தே என்மேதியோ. வெள்ளைப் பாறைகள் இரு பக்கமும் மேடைபோல் கடலுக்குள் நீளும் சின்னஞ்சிறு ஒதுக்கு. எனக்கு இந்தக் கரை முழுவதிலும் மிகப் பிடித்தது இதுதான். கோடைப் பகலில் அதற்கும் கூட்டம் வந்துவிடும். செப்டம்பர் இறுதியில் போங்கள். தண்ணீரில் வெதுவெதுப்பு இருக்கும், ஆள் இருக்காது.

இன்னும் வடக்கே போனால் லோஸ் முவெர்தோஸ். இறந்தவர்களின் கரை என்று பொருள். கப்பல் உடைந்து மாண்டவர்களின் உடல்களை நீரோட்டம் இங்கே கொண்டுவந்து ஒதுக்கும் என்பதால் இந்தப் பெயர் என்பது ஊர் வழக்கு. ஸ்பெயினின் சிறந்த கடற்கரைகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுவதே இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு வகுத்த கோடுபோல் நேரான கரை. மேலே சாலையிலிருந்து பார்த்தால் நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் தெரியும். மணல் இல்லை. கொண்டைக்கடலை அளவு வெளிர் கூழாங்கற்கள். உடம்பில் ஒட்டாது, நீரைக் கலக்காது, அதனால்தான் கடல் அவ்வளவு தெளிவு.

அழகைச் சொல்லிவிட்டு அபாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. கரையிலிருந்து இரண்டு மூன்று எட்டு வைத்தால் நிலை கொள்ளாது. தரை சடாரென்று இறங்கிவிடும். அலை இருக்கும் நாளில் திரும்பும் நீர் காலடிக் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு ஆளையும் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களே எழுந்து நிற்க முடியாமல் திண்டாடுவார்கள். மேலே வண்டியை விட்டுவிட்டுச் செங்குத்தான பாதையில் இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போது உச்சிவெயிலாக இருந்தால் அதுவே ஒரு தண்டனை. லெவாந்தே நாளில் முவெர்தோசுக்குப் போகவே வேண்டாம். போனியெந்தே நாளில், காலையில், நீந்தத் தெரிந்தவர்கள், காலில் நல்ல செருப்போடு போகலாம். சின்னக் குழந்தைகளுக்கு இது உகந்த கரை இல்லை. பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கார்போனேராசைத் தாண்டினதும் பூங்காவின் வடக்கு எல்லையில் எல் அல்கர்ரோபிகோ. இந்தக் கரையின் மணலிலும் தண்ணீரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1962ல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தில் குதிரைப்படை பாய்ந்து இறங்கிக் கைப்பற்றும் அகாபா நகரத்தை டேவிட் லீன் இங்கேதான் போலி முகப்புகளால் எழுப்பினார். படப்பிடிப்பு முடிந்தது, நகரம் மறைந்தது. 2003ல் அதே கரையின் சரிவில் ஒரு ஹோட்டலைக் கட்டத் தொடங்கினார்கள். 20 மாடிகள், 411 அறைகள், எல்லாமே கடலைப் பார்த்தவை. ஊராட்சி அனுமதி கொடுத்திருந்தது. 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டப்படி நீரோரத்திலிருந்து 100 மீட்டர் நிலத்தில் இப்படிக் கட்டக் கூடாது. போதாததற்கு அது இயற்கைப் பூங்காவின் நிலம். சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006ல் வேலையை நிறுத்த உத்தரவு வந்தது. கட்டடம் அப்போது ஏறத்தாழ முடிந்திருந்தது. 2014ல் கிரீன்பீஸ் அமைப்பினர் அதன் முகப்பில் பிரம்மாண்டமான கறுப்பு வட்டத்தை வரைந்து சட்டவிரோத ஹோட்டல் என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் அந்த நிலம் கட்டடத்துக்கு உரியதல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்தும் கட்டடம் உடனே போகவில்லை. யார் இடிப்பது, யார் செலவு செய்வது, அனுமதியை யார் ரத்து செய்வது என்று வழக்குக்குப் பின் வழக்காக ஆண்டுகள் ஓடின. கார்போனேராஸ் மக்களில் பலர் ஹோட்டல் திறக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழைப்புத் தேடித் தாத்தாக்கள் பார்சிலோனாவுக்கு ரயிலேறிய ஊரில், வீட்டு வாசலில் நூற்றுக்கணக்கான வேலை வருகிறது என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்த வேலைகளும் வரவில்லை, மலையும் திரும்ப வரவில்லை. சட்டம் தெளிவாக இருந்தும் அனுமதி கொடுத்தவர்கள்தான் இரண்டு தரப்பையும் ஏமாற்றினார்கள்.

அல்கர்ரோபிகோவுக்குப் போகலாமா என்று கேட்டால், போங்கள் என்றே சொல்வேன். ஸ்பெயினில் கடற்கரை எவருக்கும் சொந்தமில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பே அதைப் பொதுச்சொத்து என்கிறது. மணலில் துண்டை விரித்துக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ள யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு முறையாவது திரும்பி அந்த 20 மாடிகளை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். முந்தின நாள் ஹெனோவேசெசுக்குப் போயிருந்தால் இன்னும் நன்றாகப் புரியும். காலையில் லெவாந்தே வீசினால் அன்றைக்கு இங்கே வரவேண்டாம். மேற்கே உப்பளத்துக் கரைக்குப் போய்விட்டு, காற்று திரும்பின பிறகு வரலாம்.

அடுத்த வாரம் இதே கரையில் இன்னும் வடக்கே, பலோமாரெஸ். 1966ல் வானத்திலிருந்து அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்த ஊர்; கடல் பாதுகாப்பானது என்று காட்ட ஓர் அமைச்சர் தானே இறங்கிக் குளித்த கரை.

(தொடரும்)